தொள்ளாயிரத்துக்குள் முப்பது

தொலைநோக்கி வைத்துப் பொதுமக்களுக்கு வானம் காட்டும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். ஓரியன் நெபுலாவைப் பார்க்க ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடிப்பார்கள். குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "புகை மாதிரி இருக்கு" என்று சொல்லி இறங்கிவிடும். அடுத்துப் பார்க்கும் அப்பாவுக்கும் அதே புகைதான். உடனே செல்போனில் அதே நெபுலாவின் படத்தைத் தேடி எடுத்து நீட்டுவார்: "இதுல ரோஸ், நீலம்னு ஜொலிக்குதே சார்? அப்போ இதெல்லாம் கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதுதானா?"

நியாயமான சந்தேகம். "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்த நிறங்கள் வானத்தில் இருக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமல் அவற்றை வெளியே கொண்டுவர முடியாது. வெளிக்கொணர்வது எங்கே முடிகிறது, வரைவது எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். அதற்கு வேண்டுமென்றே ஒரு மோசமான இடத்தைத் தேர்ந்திருக்கிறேன்: வடசென்னை, திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடி. நெபுலா என்பது விண்மீன்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும் கலந்த மேகம். ஒண்முகில் என்றும் எழுதுவார்கள். நகரத்து வானத்தில் அதைத் தேடுவது எவ்வளவு வீண்வேலை என்று தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு அங்கே கற்றுக்கொள்ளவும் இருக்கிறது.

கண்ணுக்கு ஏன் சாம்பல்?

விழித்திரையில் இரண்டு வகை உணர்செல்கள் உண்டு. கூம்பு செல்கள் நிறம் பிரிக்கும், ஆனால் நல்ல வெளிச்சம் இருந்தால்தான் வேலை செய்யும். குச்சி செல்கள் மங்கிய ஒளியிலும் விழித்திருக்கும், ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. நெபுலாவின் ஒளி குச்சி செல்களுக்கு மட்டுமே போதுமானது. அந்தச் செல்களோ பச்சைநீலப் பகுதியில்தான் கூர்மையானவை. சிவப்புக்கு ஏறக்குறைய குருடு. நெபுலா வீசும் ஒளியில் கணிசமான பங்கு சிவப்பு. அதனால்தான் புகை.

ராக்கெட் ஏறிக் கிட்டே போய்ப் பார்த்தால் நிறம் தெரியாதா? தெரியாது. ஓரியன் நெபுலா சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பாதித் தூரம் போனால் நான்கு மடங்கு ஒளி கண்ணுக்குள் வரும். நெபுலாவின் உருவமும் நான்கு மடங்கு பரப்புக்குப் பெரிதாகிவிடும். ஒவ்வொரு துண்டுப் பரப்பின் பிரகாசமும் பழைய அளவிலேயே நிற்கும். வானத்தை நிறைக்கும் பெரிய புகை கிடைக்கும், அவ்வளவுதான்.

கேமராவுக்கு இருக்கும் வசதி வேறு. கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. கேமரா நிமிடக்கணக்கில் சேர்த்துவைக்கிறது. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி ட்ரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். கண்ணாடித் தட்டுக்கு அவர் கொடுத்த நேரம் 51 நிமிடம்.

குண்டூரில் தெரிந்த அதே சிவப்பு

நெபுலா வீசும் சிவப்பு நம் ஊர் வரலாற்றுக்குப் புதிதல்ல. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மச்சிலிப்பட்டினத்தில் கருவிகளோடு காத்திருந்தார். அவரது முதல் உதவியாளரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்திக்குப் போனார். பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் ஜான்சன் குண்டூரில் இருந்தார். சூரிய விளிம்பில் எழுந்த செந்தழல்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது தனித்தனிக் கோடுகள் பளிச்சிட்டன. அவற்றில் சிவப்புக் கோடு ஹைட்ரஜனுடையது. அதன் அலைநீளம் 656 நானோமீட்டர். ஓரியன் நெபுலாவின் சிவப்பும் அதே 656தான். நெபுலாவின் நடுவில் இருக்கும் சூடான இளம் விண்மீன்கள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. அது திரும்பி வந்து ஒட்டிக்கொண்டு படிப்படியாக இறங்கும்போது இந்தச் சிவப்பு பிறக்கிறது.

இன்னொரு கோடு 501 நானோமீட்டரில், பச்சைநீலத்தில் இருக்கிறது. 1864இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் வேறொரு நெபுலாவில் இதைக் கண்டபோது பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்றே எண்ணி, அதற்கு நெபுலியம் என்று பெயரும் வைத்தார்கள். 1927இல்தான் இயற்பியலாளர் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன். வாயு மிக மிக மெலிந்திருந்தால் மட்டுமே அந்த ஒளி வரும். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். ஓரியன் நெபுலாவில் அதே இடத்தில் சில ஆயிரம் அணுக்கள்.

ஆக, நெபுலா வானவில் போல எல்லா நிறத்தையும் வீசுவதில்லை. அதன் ஒளியில் பெரும்பகுதி ஒருசில மெல்லிய கோடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. இது வடசென்னைக்காரருக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது சற்று நேரத்தில் புரியும்.

மாடியைச் சுற்றி

திருவொற்றியூர் மாடியில் நின்றால் கிழக்கே கடல். அந்தப் பக்கம் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் மட்டும்தான். மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர். வடக்கே எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும். தெற்கே காசிமேடு, ராயபுரம், சென்னைத் துறைமுகத்தின் ஒளிவெள்ளம், அதற்குப் பின்னால் முழு நகரம். கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் கடற்காற்றின் உப்பு ஈரமும் இந்த ஒளியை வாங்கித் திருப்பி நம் மேலேயே கொட்டுகின்றன.

மதராஸ் வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. பின்னர் வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. தொழில்முறை ஆய்வாளர்களுக்கு இருட்டைத் தேடிப் போக வழி உண்டு. காலையில் ஷிப்டுக்குப் போகவேண்டியவருக்கு மாடிதான்.

தெருவிளக்குகள் மாறியதும் ஒரு கதை. பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரைச் சுற்றியே இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் தடுக்கும் ஃபில்டரைப் போட்டுப் பாதித் தொல்லையை நீக்கிவிடலாம். இப்போதைய வெள்ளை எல்.இ.டி. நீலத்திலிருந்து சிவப்புவரை பரவி ஒளிர்கிறது. பழைய ஃபில்டர்கள் அதன் முன்னால் கைவிரித்துவிடுகின்றன.

நாள் பார்ப்பதிலும் ஒரு விநோதம் உண்டு. ஓரியன் விண்மீன் குழுவின் தோளில் செம்மஞ்சளாக மின்னுவதுதான் நம் திருவாதிரை. மார்கழித் திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி வரும். அன்று நிலாவே அந்த நட்சத்திரத்தின் அருகில் நிற்கும். ஆருத்ரா தரிசனத்துக்கு உகந்த இரவு, ஓரியன் நெபுலாவைப் படம் எடுக்க ஆகாத இரவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி இறுதி அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லவை. இரவு ஒன்பது மணிவாக்கில் ஓரியன் உச்சிக்குச் சற்றுத் தெற்கே, எழுபது டிகிரி உயரத்தில் இருக்கும். அங்கே மாசுக் காற்றின் தடிமன் மிகக் குறைவு.

ஒரே ஒரு புள்ளி

இனிக் கணக்கு. நெபுலாவின் பிரகாசமான நடுப்பகுதி யாருக்கும் கிடைக்கும். சிறகுபோல விரியும் மங்கலான ஓரத்தில்தான் சோதனை. அந்த ஓரத்தில் ஒரே ஒரு படப்புள்ளியை, அதாவது பிக்சலை, எடுத்துக்கொள்வோம். 200 மில்லிமீட்டர் லென்ஸ், ஒவ்வொரு படத்துக்கும் 30 நொடி. வானம் இரண்டு நிமிடத்தில் ஒரு நிலா அகலம் நகர்ந்துவிடும். எனவே கேமராவை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் டிராக்கர் என்ற தாங்கியில் வைத்திருக்கிறோம். அந்தப் பிக்சலின் சிவப்புக் கணக்கில் வானத்து வெளிச்சம் 900 அலகும் நெபுலா 30 அலகும் சேர்த்தன என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்கான எண்கள்தான் இவை; ஆனால் நகரத்து நிலவரத்தை விட்டு ரொம்ப விலகியவை அல்ல.

தொள்ளாயிரத்தைக் கழித்தால் முப்பது மிஞ்சும், பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். அப்படி இல்லை. ஒளி ஒழுங்காக எண்ணி வருவதில்லை. நூறு அலகு எதிர்பார்க்கும் இடத்தில் சுமார் பத்து கூடலாம், குறையலாம். பத்தாயிரம் எதிர்பார்த்தால் சுமார் நூறு கூடலாம், குறையலாம். இந்தத் தள்ளாட்டத்துக்கு இரைச்சல் என்று பெயர். அதன் அளவு வர்க்கமூலம்தான். 930 அலகுக்கு இரைச்சல் சுமார் 30. நெபுலாவும் 30, இரைச்சலும் 30. வானத்தின் 900ஐக் கழித்துவிடலாம்; 900 கொண்டுவந்த தள்ளாட்டத்தைக் கழிக்க முடியாது. ஒளி மாசின் உண்மையான கேடு இதுதான்.

இப்போது அதே படத்தை நூறு முறை எடுத்துக் கூட்டுவோம். நெபுலா 3,000. வானம் 90,000. மொத்தம் 93,000, அதன் இரைச்சல் ஏறத்தாழ 305. நெபுலா நூறு மடங்கு வளர்ந்தது, இரைச்சல் பத்து மடங்குதான் வளர்ந்தது. காசிமேட்டு ஏலக் கூச்சலில் ஒருவர் மட்டும் ஒரே விலையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், எத்தனை பேர் கத்தினாலும் கொஞ்ச நேரத்தில் அந்த விலை காதில் விழுந்துவிடும் அல்லவா, அப்படித்தான். படங்களை இப்படிச் சேர்ப்பதற்கு அடுக்குதல் என்று பெயர். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருள்கள் விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி இதைச் செய்துவிடும். குறுக்கே பறந்த விமானமும் செயற்கைக்கோளும் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கும். மற்றவற்றோடு ஒத்துவராத புள்ளி என்று மென்பொருள் அவற்றைத் தள்ளிவிடும்.

நூறு படம் என்றால் 50 நிமிடம். ட்ரேப்பரின் 51க்கு ஒன்று குறைவு. படத்தின் தரத்தை, அதாவது இரைச்சலைப்போல நெபுலா எத்தனை மடங்கு என்பதை, இன்னும் இரட்டிப்பாக்க வேண்டுமானால் நானூறு படம் தேவை. மூன்று மணி இருபது நிமிடம். முதல் ஒரு மணி நேரம் தரும் மகிழ்ச்சியை அடுத்த மணி நேரங்கள் தருவதில்லை.

வானம் முப்பது மடங்கு இருண்ட மலைப்பகுதியில் இதே கணக்கு எப்படி இருக்கும்? வானம் 30, நெபுலா 30. ஏழு படங்களில் நெபுலா 210, மொத்தம் 420, இரைச்சல் இருபதுக்குச் சற்று மேல். திருவொற்றியூரில் 50 நிமிடம் கேட்ட தரம் அங்கே மூன்றரை நிமிடத்தில் கிடைத்துவிடும். கேமராவின் சொந்த இரைச்சலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் முடிவு அவ்வளவாக மாறாது.

ஆனால் மாடியில் இருப்பவர் கையில் ஒரு துருப்பு இருக்கிறது. 656 நானோமீட்டரைச் சுற்றி 7 நானோமீட்டர் அகலத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். சாதாரண சிவப்புப் பகுதியின் அகலம் நூறு நானோமீட்டர் என்று கொண்டால், நகரத்து ஒளியில் பதினான்கில் ஒரு பங்குதான் நுழையும்: 900 குறைந்து சுமார் 64 ஆகிவிடும். ஹைட்ரஜனின் கோடு அப்படியே முழுதாக நுழையும். எல்.இ.டி.யாக இருந்தாலும் மணலிச் சுடராக இருந்தாலும் கவலையில்லை. இப்போது அதே தரத்துக்கு 11 படங்களே போதும். நெபுலா மெல்லிய கோடுகளில் ஒளிர்வது வரம் என்று சொன்னது இதற்காகத்தான். ஒரு நிபந்தனை உண்டு. கடையில் வாங்கும் கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி 656இல் பெரும்பங்கைத் தடுத்துவிடும். அதை மாற்றியமைத்த கேமரா அல்லது வானியலுக்கென்றே செய்த கேமரா வேண்டும்.

கழித்தால் பிறக்கும் நிறம்

அதே பிக்சலின் மூன்று நிறங்களையும் பார்ப்போம். வானம்: சிவப்பு 900, பச்சை 1,100, நீலம் 700. நெபுலா: சிவப்பு 30, பச்சை 12, நீலம் 15. கேமராவில் பதிவது 930, 1,112, 715. இப்படியே பார்த்தால் பாசி படிந்த அழுக்குப் பச்சை. வானத்தைக் கழித்தால் 30, 12, 15. இளஞ்சிவப்பு! யாரும் வண்ணம் பூசவில்லை. நகரம் பூசியிருந்ததை எடுத்தோம்.

இங்கேதான் கத்தி முனை. வானத்தின் சிவப்பை 900 என்று கணிப்பதற்குப் பதில் 909 என்று கணித்துவிட்டால் பிழை ஒரே ஒரு சதவீதம். மிஞ்சுவது 30 அல்ல, 21. நெபுலாவின் சிவப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு. 891 என்று கணித்தால் 39, இரத்தச் சிவப்பு. ஒரே நெபுலா ஒருவர் படத்தில் ரோஜாவாகவும் இன்னொருவர் படத்தில் செங்கல்லாகவும் இருப்பதற்கு முக்கியக் காரணம் ரசனை அல்ல, இந்த ஒரு சதவீதம்.

எனவே "இது வெறும் வானம்" என்று மென்பொருளுக்கு எந்த இடத்தைக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மணலிப் பக்கம் மஞ்சள் கூடுதல், கடல் பக்கம் இருட்டு. படத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வானமே சரிந்திருக்கும். அந்தச் சரிவைப் பல இடங்களில் அளந்து, அதற்கொரு மென்மையான பரப்பை வரைந்து கழிக்கவேண்டும். ஓரியனில் இன்னொரு சிக்கல்: நெபுலா முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்திலும் மெல்லிய ஹைட்ரஜனும் தூசியும் பரவியிருக்கின்றன. அதை வெறும் வானம் என்று குறித்தால் சிவப்பும் சேர்ந்து கழிந்து, படம் முழுக்கப் பச்சை ஏறிவிடும். தொடக்கநிலைப் படங்கள் பலவற்றில் இந்தப் பச்சையைப் பார்க்கலாம்.

சரிபார்க்க விண்மீன்களே துணை. அவற்றின் நிறங்கள் ஐரோப்பிய கையா விண்கலத்தின் அட்டவணையில் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. நம் படத்தின் விண்மீன்களை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டு நிறச் சமநிலையை மென்பொருள் அமைத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்து "நன்றாக இருக்கிறதே" என்று விட்டுவிடுவதைவிட இது எத்தனையோ மேல்.

கேமராவின் அழுக்கு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சென்சார் சூடானால் ஒளியே இல்லாமலும் எண்கள் ஏறும். ஏறத்தாழ ஆறு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஜனவரியிலும் குளிராத ஊரில் இது சின்ன விஷயமல்ல. மூடியைப் போட்டு, அதே நேர அளவில், அதே வெப்பத்தில் சில இருள்படங்கள் எடுத்துக் கழிக்கவேண்டும். லென்ஸ் ஓரம் மங்குவதற்கும் தூசிப் பொட்டுக்கும் வேறு வழி: விடியலில் லென்ஸ் வாயில் சுருக்கமில்லாமல் வெள்ளை வேட்டியைக் கட்டிச் சமமான ஒளியில் சில படங்கள் எடுத்து அவற்றால் வகுத்தால் போதும். கடலோரத்தில் லென்ஸில் உப்புப் படலம் படியும். அதை எந்த மென்பொருளும் துடைக்காது.

நீட்டுவது

இத்தனையும் முடித்துப் படத்தைத் திறந்தால் கரும்பலகைதான் தெரியும். இந்த இடத்தில் பலர் மனமுடைந்து போகிறார்கள். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. நெபுலாவின் நடுவுக்கும் ஓரத்துக்கும் பிரகாச வேறுபாடு ஆயிரம் மடங்குக்கும் மேல். திரை அவ்வளவையும் காட்டாது. எனவே மங்கிய எண்களை அதிகமாகவும் பிரகாசமானவற்றைக் கொஞ்சமாகவும் உயர்த்துகிறோம். இதற்கு நீட்டல் என்று பெயர். வரிசை மாறாது: மங்கலாக இருந்தது மங்கலாகவே இருக்கும், இடைவெளிகள்தான் மாறும். நெபுலாவின் மையத்தில் டிரபீசியம் என்ற நான்கு விண்மீன்கள் 30 நொடிப் படத்தில் வெளுத்து ஒன்றாகிவிடும். அவற்றுக்கு இரண்டு நொடிப் படங்களைத் தனியே எடுத்து நடுவில் சேர்க்கவேண்டும்.

நீட்டல் பொய்யா? என்னைக் கேட்டால் இல்லை. படம் முழுவதற்கும் ஒரே விதி. தனக்குப் பிடித்த மூலையை மட்டும் தேர்ந்து பிரகாசமாக்கினால், அங்கே எனக்கு ஆட்சேபம் உண்டு.

கூர்மையில் எங்கே நிறுத்துவது?

காற்றின் அலைச்சல் ஒவ்வொரு விண்மீனையும் சிறு பொட்டாகப் பரப்பிவிடுகிறது. எல்லா விண்மீனும் ஒரே மாதிரி பரவியிருப்பதால், அந்தப் பரவலின் வடிவத்தை அளந்து தலைகீழாகக் கணக்கிட்டால் கொஞ்சம் கூர்மை திரும்பக் கிடைக்கும். அந்தக் 'கொஞ்சம்' முக்கியம். எல்லை தாண்டினால் விண்மீன்களைச் சுற்றிக் கரிய வளையம் எழும். நெபுலாவில் புழு ஊர்ந்தது போன்ற நெளிவுகள் தோன்றும். அவை இரைச்சலைக் கூர்மையாக்கியதன் விளைவு. நம் பிக்சலின் 3,000க்கு 305 தள்ளாட்டம் இருக்கிறதே, அங்கே நுண்விவரம் தேடுவது வீண். கூர்மையாக்குவதைப் பிரகாசமான நடுப்பகுதியோடு நிறுத்தி, ஓரங்களை மென்மையாக விட்டுவிடவேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் கவலை வேறு. அவை ஆயிரக்கணக்கான நல்ல படங்களில் பழகியவை. இந்த இடத்தில் பொதுவாக இப்படி ஓர் இழை இருக்கும் என்று ஊகித்து நிரப்பக்கூடும். இதற்கொரு சோதனை உண்டு. ஹபிள் தொலைநோக்கியின் 520 படங்களை ஒட்டிச் செய்த ஓரியன் நெபுலாப் படம் 2006இல் வெளியானது. நம் படத்தில் புதிதாகத் தெரியும் இழையை அதில் தேடுங்கள். அங்கே இல்லாதது மாடியில் இருந்து தெரிந்திருக்க வழியே இல்லை.

ஹபிளே மாற்றிய நிறம்

ஹபிள் செய்ததெல்லாம் இயற்கை நிறமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 1995இல் வெளிவந்து உலகைச் சுற்றிய 'படைப்பின் தூண்கள்' என்ற வேறொரு நெபுலாவின் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் ஒதுக்கினார்கள். ஹைட்ரஜன், கந்தகம் இரண்டின் கோடுகளும் உண்மையில் சிவப்பு. அப்படியே காட்டினால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. இது ஒரு வரைபடம். மாநில வரைபடத்தில் மாவட்டங்களுக்கு வேறு வேறு வண்ணம் கொடுப்பதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை, ஏனென்றால் விளக்கம் ஓரத்திலேயே இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: கழிப்பதும் அடுக்குவதும் நீட்டுவதும் புகைப்படம், நிறங்களை மாற்றி ஒதுக்குவது, சொல்லிவிட்டுச் செய்தால் வரைபடம், இல்லாத இழையைச் சேர்ப்பது ஓவியம். மூன்றும் அழகாக இருக்கலாம். எது எது என்று படத்தோடு எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் எடுக்கத் தொடங்கினால் படத்தின் அடியில் ஊர், ஃபில்டர், மொத்த நேரம், எந்த ஒளிக்கு எந்த நிறம் என்பதை எழுதிவிடுங்கள். கேமரா தந்த மூலக் கோப்புகளை இடம் அடைக்கிறது என்று அழிக்காதீர்கள். வானத்தைக் கழிக்கும் மென்பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன. இன்று சேமித்துவைத்த அதே நூறு படங்களிலிருந்து இன்னும் சரியான நிறத்தை நாளை எடுக்க முடியும்.